பெயர் இல்லாத நைட் ஷிப்ட்காரர்

லெஸ்டர் டென்ட்டை எனக்குப் பிடிக்கக் காரணம், அவரும் நைட் ஷிப்ட்காரர். அமெரிக்காவின் துல்சா நகரில் தந்தி ஆபரேட்டராக இருந்தபோது, ராத்திரி வேலைக்கு நடுவே கதை எழுதிப் பழகினவர். 1933-இல் தொடங்கிய 'டாக் சாவேஜ்' இதழுக்காக, குற்றவாளிகளைத் துரத்தும் அந்த ஹீரோவை வைத்து 150-க்கும் அதிகமான நாவல்கள் எழுதினார். மறு வருஷமே ரேடியோ நாடகமும். நாவல்களில் இருந்ததோ கென்னத் ராப்சன் என்று பதிப்பகம் வைத்த பெயர்!

1959-இல் போய்ச் சேர்ந்தார். படம் 1975-இல்தான் வந்தது. ஜார்ஜ் பால் தயாரிப்பு. ஹீரோ கண்ணில் ஒரு மினுமினுப்பை வேறு வரைஞ்சு சேர்த்து, டென்ட் நம்பி எழுதினதைக் கிண்டலாக்கிட்டாங்க. படம் ஓடலை.

நான் எழுதற கோடிலும் என் பெயர் இருக்காது. அது பரவாயில்லை. அதை வச்சு யாராவது சிரிச்சா மட்டும் தாங்காது.