பெண் கல்விக்கு வழி திறந்த அறிஞர் சித்திலெவ்வை

மலைநாட்டின் தலைநகராம் கண்டி ஈன்ற பெருமக்களுள் அறிஞர் எம். சி. சித்திலெவ்வை தனியிடம் பெற்றவர். 1838ஆம் ஆண்டு ஜூன் 11ஆந் திகதி பிறந்த இவர், சட்டத்தரணியாகிய தந்தையாரின் வழியே தாமும் சட்டம் பயின்று, 1862ஆம் ஆண்டு முதல் கண்டியில் அத்தொழில் புரிந்தார். பொருளும் மதிப்பும் தேடி வந்தபோதும், அவருடைய உள்ளம் தம் சமூகத்தின் கல்லாமையை எண்ணியே கவன்றது.

அந்நாளில் பாடசாலைகளுட் பல கிறீஸ்தவ மிசன்களுக்குரியவை. பிள்ளைகள் மதம் மாறிவிடுவரோ என்றஞ்சிய முஸ்லிம் பெற்றோர் அவற்றை நாடவில்லை. ஆண்பிள்ளைகளின் நிலையே இதுவாயின், பெண்பிள்ளைகளின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? பருவமெய்தியதும் அவர்கள் வீட்டுக்குள் இருத்தப்பட்டு, இளவயதிலேயே மணமுடித்துக் கொடுக்கப்பட்டனர். இது ஒரு சமூகத்துக்கு மட்டும் உரிய வழக்கமன்று. அக்காலத்தில் ஏனைய சமூகங்களிலும் இருந்ததே.

இவ்விருளை நீக்க 1882இல் 'முஸ்லிம் நேசன்' என்னும் தமிழ் வார இதழைத் தொடங்கினார். ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகக் கருதப்படும் 'அசன்பேயுடைய சரித்திரம்' 1885இல் வெளிவந்தது. பின்னாளில் சாஹிறாக் கல்லூரியாக வளர்ந்த மருதானைப் பாடசாலை 1892இல் தோன்றுவதற்கும் வாப்பிச்சி மரைக்காருடன் சேர்ந்து உழைத்தார்.

எனினும், 1891இல் கண்டியில் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்கென அவர் திறந்த பாடசாலையே அவரது துணிவுக்குச் சிறந்த சான்றாகும். அதன் பொறுப்பைத் தம் சகோதரியிடமே ஒப்படைத்தார். ஊருக்கு உபதேசம் செய்யுமுன் தம் குடும்பத்துப் பெண்ணை முன்னிறுத்திக் காட்டினார்.

1898 பெப்ரவரி 5ஆந் திகதி அன்னார் கண்டியில் மறைந்தார். ஏறக்குறைய நூறாண்டுகளுக்குப் பின்னர், 1995இலேதான், நாட்டின் பொது விவாகச் சட்டமும் கண்டியர் விவாகச் சட்டமும் மணவயதைப் 18 ஆக உயர்த்தின. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாகச் சட்டமோ திட்டமான குறைந்த வயதெல்லை எதையும் வகுக்கவில்லை. அதனைத் திருத்துமாறு முஸ்லிம் பெண்களே பல்லாண்டுகளாகக் கேட்டு வந்துள்ளனர்.

உலகில் ஆண்டுதோறும் சுமார் 1 கோடி 20 இலட்சம் சிறுமியர் 18 வயதுக்கு முன் மணமுடிக்கப்படுவதாக யுனிசெவ் கணித்துள்ளது. அத்துடன் படிப்பு நின்றுவிடுகிறது. முதிராத உடல் பிள்ளைப்பேற்றின் ஆபத்தைச் சுமக்கிறது. உழைத்துப் பொருளீட்டும் வழி அடைபடுவதால் தாயின் வறுமை பிள்ளைகளையும் தொடர்கிறது. இத்தகைய வீடுகள் பெருகினால் நாடு முன்னேறுவது எங்ஙனம்?

பாடசாலையில் ஒரு சிறுமி கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் அவளது மணநாளைத் தள்ளிவைக்க உதவுகின்றது. அவ்வாண்டுகளை அவளுக்குக் கொடுப்பது இன்று பெற்றோராகிய நமது கடமை. சட்டம் வரும்வரை சித்திலெவ்வை காத்திருக்கவில்லை. நாமும் காத்திருக்க வேண்டியதில்லை.