சமன்பாட்டில் ஒளிந்திருந்த ஒன்ராறியோப் பெண்

உயிர்வேதியியல் படிக்கிற எங்கட பிள்ளைகளுக்கு 'மைக்கேலிஸ்–மென்ரன்' சமன்பாடு கட்டாயப் பாடம். அந்த மென்ரன் ஒரு பெண், அதுவும் ஒன்ராறியோவில் பிறந்தவர் என்று சொன்னால் பலர் நிமிர்ந்து பார்க்கிறார்கள்.

மோட் மென்ரன் பிறந்தது 1879-இல், போர்ட் லாம்ப்ரன் என்ற சின்ன ஊரில். 1911-இல் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் எம்.டி. பட்டம். அப்படிப் படித்த கனடியப் பெண்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அடுத்த வருடமே கப்பலேறி பேர்லின் போனார். நாங்கள் இங்கே வந்தோம். அவர் இங்கிருந்து போனார்.

அங்கே லியோனோர் மைக்கேலிஸ் ஓர் ஆஸ்பத்திரியில் சிறிய ஆய்வுகூடம் வைத்திருந்தார். யூதரான அவருக்கும் பல்கலைக்கழகத்தில் சம்பளத்தோடு நிரந்தர வேலை இல்லை. இரண்டு பேரும் எடுத்துக்கொண்டது சீனிக் கரைசலும், சீனியை குளுக்கோசாகவும் பிரக்ரோசாகவும் உடைக்கும் ஈஸ்ற் நொதியமும். நொதியம் இல்லாவிட்டாலும் சீனி தானாக உடையும். ஆனால், பார்த்துக்கொண்டிருந்தால் நரைத்துவிடும்! நொதியம் சீனி மூலக்கூறைப் பிடித்து, உடைவதற்கு வேண்டிய சக்தியைக் குறைத்து, உடைந்ததை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிக்கிறது. தான் மாறுவதில்லை.

ஸ்காபரோவில் ஒரு கொத்துரொட்டிக் கடையை நினையுங்கோ. சனம் கூடக்கூட விற்பனையும் கூடும். தட்டில் நிற்கிற எல்லாருக்கும் கை நிறைய வேலை வந்தபிறகு, வாசலில் எவ்வளவு பேர் நின்றாலும் வேகம் கூடாது. சீனியைக் கூட்டிக் கூட்டி, கரைசல் ஒளியைத் திருப்புகிற அளவை வைத்து வேகத்தை அளந்தபோது அவர்கள் கண்டதும் இதுதான். 1913-இல் அதைக் கணக்காக எழுதினார்கள். இன்றும் ஒரு மருந்து நொதியத்தை எப்படித் தடுக்கிறது என்று பார்க்க அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறார்கள்.

பிறகு சிகாகோவில் 1916-இல் இன்னொரு முனைவர் பட்டம். பிற்ஸ்பேர்க்கில் பல பத்தாண்டு உழைப்பு. 1944-இல் மின்புலத்தைக் கொண்டு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டிய குழுவிலும் அவர் இருந்தார். படம் வரைவார், கிளாரினெற் வாசிப்பார். ஆனால் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தபோது வயது எழுபதை நெருங்கிவிட்டது. இதைத் 'தாமதம்' என்று நாசூக்காகச் சொல்ல எனக்கு மனமில்லை, அநியாயம்.

1950-இல் ஓய்வு பெற்றும் சும்மா இருக்கவில்லை. பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1960-இல் ஒன்ராறியோவிலேயே, தக்காளிக்குப் பேர்போன லீமிங்ரனில் காலமானார்.