மாம்பழக் கதைக்குப் பின்னால் ஒரு கையெழுத்து



சிவன் கோயிலில் அறுபத்து மூவர் வரிசையைச் சுற்றி வந்திருப்பீர்கள். மற்றவர்கள் நிற்க, எலும்பும் தோலுமாக ஒரு அம்மாள் மட்டும் உட்கார்ந்திருப்பார். அவர்தான் காரைக்கால் அம்மையார். அறுபத்து மூவரில் பெண்கள் மூவர். அதில் ஒருவர் நம் மதுரை அரசி மங்கையர்க்கரசியார். மூவரில் பாட்டு எழுதி வைத்தவர் அம்மையார் ஒருவரே.

காலம் 6ஆம் நூற்றாண்டை ஒட்டியது என்பார்கள். இயற்பெயர் புனிதவதி; காரைக்கால் வணிகர் தனதத்தனின் மகள். நாகப்பட்டினத்து வணிகர் வீட்டுப் பரமதத்தனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். மாம்பழக் கதை உங்களுக்கே தெரியும். இறைவன் தந்த பழத்தைக் கண்டு மிரண்ட கணவர், கடல் வணிகம் என்று கிளம்பி, நம் பாண்டி நாட்டில் வேறு திருமணம் செய்துகொண்டார். உறவினர்கள் புனிதவதியை அங்கே அழைத்து வந்தபோது, அந்த மனைவி, மகளோடு அவர் காலில் விழுந்தார். கணவனுக்காகச் சுமந்த அழகு இனி எதற்கு என்று புனிதவதி பேய் வடிவம் வேண்டிப் பெற்றார். இது சேக்கிழார் சொல்லும் வரலாறு.

நாம் கதையோடு நின்றுவிடுகிறோம், பாட்டுக்குப் போவதில்லை. அற்புதத் திருவந்தாதி 101 வெண்பா. ஒரு பாட்டு முடிகிற இடத்திலிருந்து அடுத்த பாட்டைத் தொடங்க வேண்டும். பேரேட்டில் ஒரு பக்கத்து இருப்பை அடுத்த பக்கத்தின் தலையில் எடுத்து எழுதுவோமே, அது போல. அந்தாதியைத் தனி நூலாக முதலில் பாடியவர் இவரே என்பது அறிஞர் பலரின் கருத்து. வெண்பாவும் கட்டளைக் கலித்துறையும் மாறி மாறி வரும் இரட்டை மணிமாலை 20 பாட்டு. திருவாலங்காட்டுப் பதிகங்கள் இரண்டில் 22 பாட்டு. ஒவ்வொரு பதிகத்திலும் 11ஆவது பாட்டில் தன் பெயரை வைத்தார். சம்பந்தர் இதே முறையில் பாடியது பிறகுதான். அதனால்தான் அம்மையாருடையது மூத்த திருப்பதிகம்.

வங்கிப் படிவங்களில் பெண்ணின் பெயருக்குக் கீழே தந்தை அல்லது கணவர் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்துப் போடும் முன் வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்த பெண்கள் எத்தனையோ பேரைக் கவுன்டரில் கண்டிருக்கிறேன். அம்மையார் கையெழுத்தில் தந்தையும் இல்லை, கணவரும் இல்லை. பெற்றோர் வைத்த பெயர்கூட இல்லை. ஊர்ப் பெயரோடு பேய் என்று சேர்த்துக்கொண்டார். பெண்ணைத் திட்டும் சொல்லையே தன் பெயராக்கி, கணக்குப் பிசகாத யாப்பில் பதித்துவிட்டார்.

இலக்கணக் கட்டு ஆண்களின் சொத்து என்று யாராவது சொன்னால் இவரை நினைவுபடுத்துங்கள். நம் பேத்திகளுக்கு மாம்பழக் கதை சொல்லும்போது, இந்தக் கையெழுத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.