111 வயது வரை வாழ்ந்த பனிச்சறுக்கு மன்னர்

கனடா நாட்டில் குளிர் காலம் என்றால் லேசான குளிர் அல்ல. ஏரித் தண்ணீர் உறைந்து கல் மாதிரி ஆகிவிடும். அதன் மேல் மனிதர்கள் நடந்து போவார்கள், வண்டிகூட ஓட்டுவார்கள். காடு, மேடு, வயல், வீட்டுக் கூரை எல்லாவற்றையும் வெள்ளைப் பனி மூடிவிடும்.

அந்தப் பனி ஒரு மனிதருக்குச் சோறு போட்டது. 54 வயதில் தொழில் போய், பணம் போய், குடும்பத்தோடு தவித்து நின்றவரைத் தூக்கி நிறுத்தியது. அதன் பிறகு அவர் இன்னும் 57 ஆண்டுகள் வாழ்ந்தார். 100 வயதுக்கு மேலும் பனியில் சறுக்கினார்.

அவர் பெயர் ஹெர்மன் ஸ்மித் ஜோகான்சன். கனடாவில் அந்தப் பெயரைச் சொன்னால் பலருக்குத் தெரியாது. "ஜாக்ராபிட்" என்றால் தெரியும். ஜாக்ராபிட் என்றால் நீண்ட காதும் நீண்ட காலும் உள்ள ஒரு வகைக் காட்டு முயல்.

நார்வே பையன்

ஜோகான்சன் 1875-ம் ஆண்டு ஜுன் மாதம் 15-ந் தேதி நார்வே நாட்டில் பிறந்தார். ஊர் ஹோர்ட்டன். கடற்படைத் தளம் உள்ள கடற்கரை ஊர்.

நார்வேயில் குழந்தைகள் நடக்கப் பழகியதும் சறுக்கவும் பழகிவிடும். இரண்டு நீளமான மெல்லிய மரக் கட்டைகள். அவற்றின் முன் முனை மேல் நோக்கி வளைந்திருக்கும். காலுக்கு ஒன்றாகக் கட்டிக்கொள்ள வேண்டும். கைக்கு ஒன்றாக இரண்டு கோல்கள். கோலை ஊன்றி, காலை மாற்றி மாற்றித் தள்ளினால் பனியின் மேல் வழுக்கிக்கொண்டு போகலாம். வெறும் காலணியோடு போனால் இடுப்பு வரை புதைந்துவிடும் பனியில், கட்டை இருந்தால் புதையாது. அங்கே அது விளையாட்டு மட்டும் அல்ல. விறகு வெட்டப் போவதற்கும், வேட்டைக்குப் போவதற்கும், பக்கத்து ஊருக்குப் போவதற்கும் அதுதான் வாகனம்.

1888-ம் ஆண்டு நார்வேக்காரரான நான்சென் என்பவர் ஒரு சிறு கூட்டத்தோடு கிரீன்லாந்தின் பனிப் பாலைவனத்தைச் சறுக்குக் கட்டைகளுடன் கடந்தார். உலகமே அதைப் பற்றிப் பேசியது. ஜோகான்சனுக்கு அப்போது வயது 13. அந்த வயதில் நார்வேப் பையன்களுக்கு வேறு எந்த வீரரைப் பிடிக்கும்?

ஜோகான்சன் படிப்பிலும் சோடை போகவில்லை. ஜெர்மனிக்குப் போய், பெர்லின் நகரில் என்ஜினீயர் படிப்பை முடித்தார். பிறகு பிழைப்புத் தேடிக் கப்பல் ஏறி அமெரிக்கா சேர்ந்தார்.

இயந்திர வியாபாரி

கிளீவ்லாந்து நகரில் அவருக்கு வேலை கிடைத்தது. பாரம் தூக்கும் பெரிய இயந்திரங்களை விற்கும் வேலை. அந்த ஊரிலேயே ஆலிஸ் ராபின்சன் என்ற பெண்ணை 1907-ம் ஆண்டு மணந்தார். இவர்களுக்கு மூன்று குழந்தைகள்.

கனடாவின் வடக்குக் காடுகளில் அப்போது புதிய ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு இயந்திரம் தேவைப்பட்டது. ஆனால் வேலை நடக்கும் இடத்துக்குப் போக ரோடு கிடையாது. குளிர் காலத்தில் மற்ற வியாபாரிகள் ஓட்டலில் கணப்பு அடுப்பின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார்கள். ஜோகான்சன் கட்டையை மாட்டிக்கொண்டு காட்டுக்குள் புறப்பட்டுவிடுவார்!

அந்தக் காடுகளில் கிரீ என்ற பழங்குடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் பனியில் நடக்க வேறு சாதனம் வைத்திருந்தார்கள். மரச் சட்டத்தில் தோல் வாரைப் பின்னிய அகலமான மட்டை. அதைக் காலில் கட்டிக்கொண்டு நடப்பார்கள். அந்த மட்டையில் நடக்கத்தான் முடியும். வழுக்கிப் போக முடியாது. ஜோகான்சனோ மேட்டில் ஏறி, பள்ளத்தில் சறுக்கி, கண் மூடித் திறப்பதற்குள் மரங்களுக்கு நடுவே மறைந்துவிடுவார். அவருக்கு முயல் என்று அவர்கள் பெயர் வைத்தார்கள் என்பது பலரும் சொல்லும் கதை. அந்தப் பெயர் கடைசி வரை நிலைத்தது.

அவரும் அவர்களிடம் நிறையக் கற்றுக்கொண்டார். கொட்டும் பனியில் கூடாரம் இல்லாமல் எப்படித் தூங்குவது, ஈர விறகை எப்படிப் பற்ற வைப்பது, வழி தெரியாத காட்டில் நிலத்தின் போக்கைப் பார்த்து எப்படி நடப்பது - எல்லாம் பிற்காலத்தில் அவருக்குச் சொத்தாக உதவின.

தொழில் நன்றாக நடந்தது. நல்ல வருமானம். குடும்பம் சில காலம் அமெரிக்காவில் லேக் பிளாசிட் என்ற மலை ஊரில் இருந்தது. 1928-ம் ஆண்டு வாக்கில் கனடாவின் பெரிய நகரமான மான்ட்ரீலுக்குக் குடி வந்தார்கள்.

வயது 54

1929-ம் ஆண்டு அக்டோபர் மாதம் அமெரிக்கப் பங்குச் சந்தை விழுந்தது. ஒரு நாட்டோடு அது நிற்கவில்லை. தொழிற்சாலைகள் மூடப்பட்டன. ரயில் கம்பெனிகள் செலவைச் சுருக்கின. பாரம் தூக்கும் இயந்திரத்தை யார் வாங்குவார்கள்?

ஜோகான்சனின் வியாபாரம் படுத்துவிட்டது. சேமிப்பும் கரைந்தது. வயதோ 54. இளைஞர்களே வேலை கிடைக்காமல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நரைத்த தலையோடு புது வேலைக்கு எங்கே போவது?

குடும்பம் நகரத்தை விட்டது. மான்ட்ரீலுக்கு வடக்கே லாரன்ஷியன் மலைப் பகுதி. அங்கே ஷாபிரிட்ஜ் என்ற சிற்றூர். அந்தப் பக்கத்தில் எளிய வாழ்க்கை தொடங்கியது. நகரத்தில் பிறந்து வளர்ந்த ஆலிஸ் அம்மாள், பனி மூடிய கிராமத்தில் குறைந்த காசில் குடும்பத்தை நடத்தினார். ஊர் உலகம் ஜோகான்சனைத்தான் புகழ்கிறது. அந்தப் புகழில் ஒரு பங்கு இந்த அம்மாளுக்கும் சேர வேண்டும்.

ரயிலில் வந்த கூட்டம்

லாரன்ஷியன் மலைகள் வானத்தைத் தொடும் மலைகள் அல்ல. மிகப் பழைய மலைகள். தேய்ந்து உருண்டுபோனவை. பெயர் பெற்ற ட்ரெம்ப்லான் சிகரம்கூடச் சுமார் 3 ஆயிரம் அடிதான். ஆனால் பனிக்குக் குறைவில்லை. மான்ட்ரீலிலிருந்து நேராக ரயிலும் இருந்தது.

சனிக்கிழமை வந்தால் நகரத்து வாலிபர்களும் பெண்களும் கட்டைகளைத் தோளில் சாய்த்துக்கொண்டு ரயில் ஏறுவார்கள். ஷாபிரிட்ஜ், பியட்மான்ட், சேன்ட் அடேல், வால் டேவிட், சேன்ட் அகத் என்று மலையோரமாக ஸ்டேஷன்கள். ஒரு ஸ்டேஷனில் இறங்கி, காடு வழியாகச் சறுக்கி, இன்னொரு ஸ்டேஷனில் ரயில் ஏறி வீடு திரும்புவார்கள். ஊருக்கு ஊர் சிறு ஓட்டல்களும் விடுதிகளும் முளைத்தன.

ஒரு குறை இருந்தது. ஒழுங்கான பாதை இல்லை. வழி தவறினால் இருட்டிவிடும். இருட்டினால் குளிர் ஆளைக் கொன்றுவிடும்.

ஜோகான்சனுக்கு அங்கேதான் வழி பிறந்தது. பாதை வெட்டும் வேலையில் அவர் இறங்கினார்.

80 மைல் பாதை

1932-ம் ஆண்டு தொடங்கி 1935-ம் ஆண்டு வரை அவர் உருவாக்கியதுதான் "மேப்பிள் இலைப் பாதை". மேப்பிள் என்பது கனடாவின் மரம். அந்த நாட்டுக் கொடியில் இன்று இருப்பதும் அதன் இலைதான். ஷாபிரிட்ஜுக்கும் வடக்கே உள்ள லபெல் என்ற ஊருக்கும் இடையே சுமார் 80 மைல் தூரம். வழியெல்லாம் விடுதிகள். காலையில் ஒரு விடுதியில் புறப்பட்டால், மாலையில் அடுத்த விடுதியில் சூடான சாப்பாடும் படுக்கையும் காத்திருக்கும். இப்படி நாள் கணக்கில் ஊர் ஊராகப் போய்க்கொண்டே இருக்கலாம்.

பாதை வெட்டுவது என்றால் மரத்தைச் சாய்ப்பது மட்டும் அல்ல. திசை காட்டும் கருவியும் கோடரியும் எடுத்துக்கொண்டு முதலில் காட்டை அளக்க வேண்டும். வடக்குப் பார்த்த சரிவில் வெயில் படாது. பனி அதிக நாள் நிற்கும். பாதையை அங்கே கொண்டுபோக வேண்டும். கோடையில் கால் வைக்க முடியாத சதுப்பு நிலம், குளிர் காலத்தில் உறைந்து நல்ல வழியாகிவிடும். மரம் வெட்டுவோர் விட்டுப்போன பழைய வண்டித் தடம் கிடைத்தால் வேலை மிச்சம். இறக்கத்தின் அடியில் மரம் இருந்தால் வருகிறவன் அதில் மோதுவான்; அங்கே அகலம் வேண்டும். குடியானவர் நிலம் குறுக்கே வந்தால் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும். என்ஜினீயர் படிப்பும், காட்டு மக்களிடம் கற்ற பாடமும் ஒரே வேலையில் சேர்ந்தன. அவருக்கு அப்போது வயது 60-ஐ நெருங்கிக்கொண்டிருந்தது!

வேலை முடிந்ததும் அவரே கட்டையை மாட்டிக்கொண்டு வழியைச் சோதிப்பார். அவரோடு போகிற வாலிபர்கள் மூச்சு வாங்குவார்கள். முயல் முன்னால் போய்க்கொண்டே இருக்கும்.

கயிறு வந்தது

அதே ஷாபிரிட்ஜில், அதே 1930-களின் தொடக்கத்தில், அலெக்ஸ் பாஸ்டர் என்ற இளைஞர் ஒரு தந்திரம் செய்தார். ஒரு மோட்டார் காரை அசையாமல் நிறுத்தி, அதன் சக்கரத்தைச் சுழல விட்டு, அந்தச் சக்கரத்தில் நீண்ட கயிற்றை ஓட விட்டார். கயிற்றைப் பிடித்துக்கொண்டால் போதும். அது ஆளை மேட்டின் உச்சிக்கு இழுத்துப் போய்விடும்.

ஏறுகிற கஷ்டம் போய்விட்டது. உச்சிக்குப் போக வேண்டியது, இறங்க வேண்டியது, மறுபடியும் கயிற்றைப் பிடிக்க வேண்டியது. ஒரு நாளில் பல தடவை இறங்கலாம். யாருக்குத்தான் ஆசை வராது?

1939-ம் ஆண்டு ட்ரெம்ப்லான் மலையில் ஜோ ரயன் என்ற அமெரிக்கப் பணக்காரர் பெரிய உல்லாச விடுதி திறந்தார். கனடாவின் முதல் நாற்காலி லிப்ட் அங்கேதான் வந்தது. உட்கார்ந்தபடியே மலை உச்சிக்குப் போகலாம். சறுக்குக் கட்டையும் மாறியது. காட்டுப் பாதையில் போகிறவனுக்குக் குதிகால் தூக்க வேண்டும். அதனால் முன்பாதம் மட்டும் கட்டையில் பூட்டியிருக்கும். இறங்க மட்டும் செய்கிறவனுக்குக் குதிகாலையும் சேர்த்துப் பூட்டினால்தான் பிடிப்பு. குதிகால் பூட்டிய பிறகு மேட்டில் ஏறுவது சிரமம். ஆக, கட்டையே லிப்டை நம்பி ஆகிவிட்டது.

மேப்பிள் இலைப் பாதையில் கூட்டம் குறைந்தது. பிறகு யுத்தம் வந்தது. யுத்தம் முடிந்ததும் கார்கள் பெருகின. ரயிலில் வருவோர் குறைந்தார்கள். 1950-களின் பிற்பகுதியில் மலைக்கு அகலமான மோட்டார் சாலை போட்டார்கள். சாலையும் புது வீடுகளும் பழைய பாதையை அங்கங்கே துண்டு போட்டன. நான்கு ஆண்டு உழைத்து வெட்டிய பாதை, வெட்டியவர் கண் முன்னாலேயே புதர் மண்டியது.

வேறு ஒருவர் என்றால் மனம் உடைந்து கட்டையைப் பரணில் போட்டிருப்பார். ஜோகான்சன் காலையில் எழுந்தார், பனி எப்படி என்று பார்த்தார், அதற்கு ஏற்ற மெழுகைக் கட்டையின் அடியில் தேய்த்தார், புறப்பட்டார். ஈரப் பனிக்கு ஒரு மெழுகு, தூள் பனிக்கு ஒரு மெழுகு. தப்பான மெழுகு தேய்த்தால் கட்டை பின்னால் வழுக்கும்; அல்லது ஒட்டிக்கொள்ளும். யார் கேட்டாலும் சொல்லிக் கொடுத்தார். லிப்டில் போகிறவர்களை அவர் திருத்தவில்லை. தன் வழியையும் அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

மறுபடியும் காட்டுக்கு

1967-ம் ஆண்டு கனடாவுக்கு நூற்றாண்டு விழா. அந்த ஆண்டில் "கனடா சறுக்கு மாரத்தான்" என்ற நெடும் பயணம் தொடங்கப்பட்டது. லிப்ட் இல்லை. கயிறு இல்லை. காடு வழியாக இரண்டு நாள், சுமார் 100 மைல். துணிந்தவர்கள் இரவில் திறந்த வெளியிலேயே தூங்கலாம். ஜோகான்சனுக்கு அப்போது வயது 91. அந்தப் பயணத்துக்கு வருகிறவர்களுக்கு அவர்தான் முன்மாதிரி.

லிப்ட் டிக்கெட் விலையும் கூட்டமும் பிடிக்காதவர்கள் பழைய முறைக்குத் திரும்பினார்கள். 1970-களில் காட்டுப் பாதைச் சறுக்கு நாடு முழுதும் பரவியது. ஒரு காலத்தில் பழைய பாணி என்று ஒதுக்கப்பட்டவரைத் தேடி இளைஞர்கள் வந்தார்கள்.

பட்டங்களும் வந்தன. 1972-ம் ஆண்டு "ஆர்டர் ஆப் கனடா" என்ற உயர்ந்த விருது. 1975-ம் ஆண்டு அவருக்கு நூறு வயது நிறைந்தபோது அவரைப் பற்றிச் சினிமாப் படம் எடுத்தார்கள். 1982-ம் ஆண்டு கனடா விளையாட்டு வீரர்களின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. மூத்த மகள் ஆலிஸ், மான்ட்ரீல் நகரின் மக்கில் பல்கலைக்கழகக் காட்சிசாலைக்குத் தலைமை வகித்தவர். அப்பாவின் வாழ்க்கை வரலாற்றைப் புத்தகமாக எழுதினார்.

1987-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி, பிறந்த நாடான நார்வேயில் ஜோகான்சன் காலமானார். வயது 111. உடலைக் கனடாவுக்குக் கொண்டுவந்து லாரன்ஷியன் மலையில் சேன் சோவர் என்ற ஊரில் அடக்கம் செய்தார்கள்.

மான்ட்ரீல் கூட்டத்தை மலைக்கு ஏற்றி வந்த அந்த ரயில் பாதையில் இப்போது ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டு, 1996-ம் ஆண்டு அதைப் பொதுப் பாதையாகத் திறந்தார்கள். கோடையில் சைக்கிள் ஓடுகிறது. குளிர் காலத்தில் பல மைல் தூரத்துக்குச் சறுக்குக் கட்டைகள் போகின்றன.

கனடாவில் சறுக்கு சங்கங்களில் சேரும் சின்னக் குழந்தைகளின் வகுப்புக்கு ஒரு பெயர் உண்டு. "ஜாக்ராபிட்" வகுப்பு. கம்பளிக் குல்லாவும் கையுறையும் போட்டுக்கொண்டு, விழுந்து விழுந்து எழுந்து, வரிசையாகப் போகும் அந்தக் குழந்தைகளுக்கு அந்த முயலின் பெயர்தான்.