கரிசல் மண் தந்த கண் மருத்துவர்

எட்டயபுரம் என்றதும் மகாகவி பாரதியார்தாம் நம் நினைவுக்கு வருவார். அதே எட்டயபுரத்துக்கு அருகில், நம் புதூர் வட்டாரத்தைப் போலவே பருத்தியும் கம்பும் விளையும் வானம் பார்த்த பூமியில், வடமலாபுரம் என்றொரு சிற்றூர் இருக்கிறது. அங்கே 1918ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள், ஓர் உழவர் குடும்பத்தின் மூத்த மகனாகப் பிறந்தவர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. பல லட்சம் பேருக்குக் கண்ணொளி கிடைக்கக் காரணமாக இருந்த அப்பெரியாரின் வாழ்க்கையை நாம் அனைவரும் அறிந்துகொள்வது நலம்.

காலையில் எருமை மேய்த்துவிட்டுப் பள்ளிக்குப் போன சிறுவர் அவர். அந்தப் பள்ளியில் காகிதமும் இல்லை, பென்சிலும் இல்லை. ஆற்று மணலைக் கொண்டுவந்து தரையில் பரப்பி, அதில் விரலால் எழுதித்தான் எழுத்துக்களைக் கற்றார். இன்று நோட்டுப் புத்தகத்தின் தாளைக் கிழித்து எறியும் நாம் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும்.

அவருடைய இளமையில் உறவுப் பெண்கள் மூவர், பிள்ளைப்பேற்றை ஒட்டி அடுத்தடுத்து உயிரிழந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. இத்துயரமே அவரை மருத்துவம் படிக்கத் தூண்டியது. தாய்மார்களைக் காக்கும் பிரசவ மருத்துவராக வேண்டும் என்பதே அவருடைய ஆசை. மதுரை அமெரிக்கன் கல்லூரியில் பயின்று, 1944இல் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, இராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் சோதனை வந்தது. கடுமையான முடக்குவாதம் அவரைப் படுக்கையில் தள்ளியது. 1948இல் இராணுவப் பணியை விட்டு விலக நேர்ந்தது. நிற்கவும் நடக்கவும் முடியாமல் நெடுநாள் துன்புற்றார். கைவிரல்கள் கோணி, நிரந்தரமாக வளைந்துபோயின. பிரசவ மருத்துவராகும் கனவு கலைந்தது. வேறு ஒருவராயின் விதியை நொந்துகொண்டு வீட்டோடு இருந்திருப்பார். அவரோ மீண்டும் மாணவராகிக் கண் மருத்துவம் பயின்றார். வளைந்த விரல்களுக்கு ஏற்றவாறு கருவிகளை அமைத்துக்கொண்டு, கத்தியைப் பிடிக்கத் திரும்பத் திரும்பப் பழகினார். நுட்பத்திலும் நுட்பமான கண் அறுவையை அந்தக் கைகள் ஒரே நாளில் நூறு பேருக்குக்கூடச் செய்யும் அளவுக்குத் தேர்ந்தன. தம் வாழ்நாளில் அவர் செய்த அறுவைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்!

1956இல் மதுரை மருத்துவக் கல்லூரியில் கண் மருத்துவத் துறைத் தலைவரானார். நோயாளிகள் வரட்டும் என்று காத்திராமல், கிராமங்களுக்கே சென்று கண் சிகிச்சை முகாம்கள் நடத்தினார். 1973இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. 1976இல் ஓய்வு பெற்றபின், உடன்பிறந்தோரின் துணையுடன் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் உள்ளவர் கட்டணம் செலுத்தலாம், இல்லாதவருக்கு இலவசம், இருவருக்கும் ஒரே தரமான சிகிச்சை. இதுவே அவர் வகுத்த நெறி. திருமணம் செய்துகொள்ளாமல், 2006ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் நாள் மறையும்வரை தொண்டிலேயே வாழ்ந்தார்.

முதியோரின் கண்புரையோடு அவருடைய கவலை நிற்கவில்லை. வைட்டமின் ஏ சத்துக் குறைவால் ஏழைக் குழந்தைகள் மாலைக்கண் கண்டு, கருவிழி கெட்டுப் பார்வை இழப்பதைக் கண்டார். அத்தகைய குழந்தைகளுக்கென மதுரையில் ஓர் ஊட்டச்சத்து மையம் ஏற்படுத்தி, தாய்மாருக்கும் உணவு முறையைக் கற்பிக்க வழி செய்தார். நம் வீட்டுக் கொல்லையில் நிற்கும் முருங்கையின் கீரையும் பப்பாளிப் பழமும் அந்தச் சத்தைத் தருபவையே. இன்று அவருடைய மருத்துவமனையில் குழந்தைகளின் கண் நோய்க்கும் மாறுகண்ணுக்கும் தனித் துறையே இயங்குகிறது.

மாறுகண் என்றதும் நம் ஊர்ப்பக்கம் நிலவும் ஒரு நம்பிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியாது. பிள்ளைக்கு மாறுகண் இருந்தால் அதிர்ஷ்டம் என்று சிலர் பேசாமல் விட்டுவிடுகிறார்கள். வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்பாரும் உண்டு. பிறந்து சில மாதங்கள்வரை குழந்தையின் கண்கள் அவ்வப்போது விலகுவது இயல்பே. நான்கு மாதத்துக்குப் பின்னும் விலகினால் மருத்துவரிடம் காட்டியே தீர வேண்டும். இரு கண்களும் இரு திசையில் பார்த்தால் மூளைக்கு இரண்டு காட்சிகள் வந்து குழப்பும். ஆகவே மூளை ஒரு கண்ணின் காட்சியை ஒதுக்கிவிடும். ஒதுக்கப்பட்ட கண் நாளடைவில் பார்க்கும் திறனையே இழக்கும். இதைச் சோம்பல் கண் என்பார்கள். நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி வைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுப்பதே இதற்கு முக்கியச் சிகிச்சை. சிலருக்குக் கண்ணாடி போதும். சிலருக்குக் கண் தசையில் அறுவை வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் கவனித்தால் பலன் மிகுதி. காலம் தாழ்ந்தால் கண்ணை நேராக்கலாம். இழந்த பார்வையை முழுதும் மீட்பது அரிது. கருமணியில் வெண்மை தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது; அது புரையாகவோ புற்றுநோயாகவோ இருக்கலாம்.

மாணவிகளாகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கரும்பலகையைப் பார்க்கக் கண்ணை இடுக்கும் தோழியை, தலையைச் சாய்த்துப் பார்க்கும் தம்பி தங்கையரைக் கவனித்து ஆசிரியையிடமும் பெற்றோரிடமும் சொல்வோம். மாறுகண் உள்ள பிள்ளையைப் பட்டப்பெயர் சொல்லிக் கேலி செய்யும் வழக்கத்தை இன்றோடு விடுவோம். பெண் பிள்ளைதானே என்று சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம் என்று பெற்றோரை அன்புடன் வேண்டுவோம். மணலில் எழுதிய விரல்கள் முடங்கிய பின்னும் பிறருக்கு ஒளி தந்தன. குறையேதும் இல்லாத நம் விரல்களும் கண்களும் பிறருக்கு என்ன செய்யப்போகின்றன?