வானுக்கு வழி வகுத்த லிலியந்தால்

விமானம் என்றதும் ரைட் சகோதரர்கள் பெயர்தான் நம் நாவில் வருகிறது. வரட்டும், நியாயமான புகழ்தான். சைக்கிள் கடை வைத்துப் பிழைத்த அந்த இருவர், 1903 டிசம்பர் 17-இல் இயந்திரத்தோடு வானில் எழும்பிக் காட்டினார்கள். ஆனால் அவர்களுக்கு ஆசானாக இருந்தவர் யார் என்று கேட்டால், படித்தவர்களிலேயே பலர் விழிப்பர். அவர் பெயர் ஓட்டோ லிலியந்தால். ஜெர்மானியர். பெர்லினில் கொதிகலன் செய்யும் சிறு தொழிற்சாலை நடத்திய பொறியாளர்.

ஐரோப்பாவெங்கும் மன்னர்களின் ஆசனங்கள் ஆட்டங்கண்ட 1848-ஆம் ஆண்டு, மே 23-இல், பிரஷ்ய நாட்டின் அங்க்லாம் என்ற சிற்றூரில் அவர் பிறந்தார். தந்தை துணி வணிகர். தொழில் நொடித்தது. அமெரிக்கா சென்று பிழைக்கலாம் என்று குடும்பம் மூட்டை கட்டிய வேளையில், 1861-இல், தந்தை மாண்டார். பயணம் நின்றது. எஞ்சிய மூன்று பிள்ளைகளை ஆளாக்கும் சுமை தாயின் தலையில் விழுந்தது.

ஊர்ப்புறத்துப் புல்வெளியில் செங்கால் நாரைகள் மேயும். ஓட்டோவும் தம்பி குஸ்தாவும் அவற்றை விரட்டிப் பார்ப்பார்கள். வெறும் குறும்பு என்று எண்ணிவிட வேண்டாம். நாரை எப்போதும் காற்றை எதிர்த்தே ஓடி எழும்புகிறது என்பதைக் கண்டுகொண்ட குறும்பு அது! மெல்லிய பலகைகளால் இறக்கை செய்து, கையில் கட்டிக்கொண்டு, இருட்டிய பிறகு குன்றிலிருந்து ஓடிப் பார்த்தார்கள். பகலில் ஓடினால் பள்ளித் தோழர்கள் சிரிப்பார்கள் அல்லவா? பறக்க முடியவில்லை. ஆனால் அந்த ஆசையை அவர்கள் விடவும் இல்லை.

அந்நாளில் சிரித்தவர்கள் சிறுவர்கள் மட்டுமா? 1870-களின் தொடக்கத்தில், வான்பயணம் பற்றி ஆராய அரசாங்கம் அமைத்த குழுவில் ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற மாபெரும் விஞ்ஞானி இருந்தார். மனிதன் தன் தசை வலிமையால் இறக்கையடித்து எழும்புவது நடவாத காரியம் என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் பிழையில்லை. ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு, பறப்பதே வீண் கனவு என்று பேசத் தொடங்கினர் மற்றவர்கள். லிலியந்தால் வாதாடிக்கொண்டிருக்கவில்லை, அளந்து பார்த்தார். எடைக்கல் இறங்கும் விசையால் சுழலும் கருவி ஒன்றை அமைத்து, அதன் கரங்களில் விதவிதமான இறக்கைகளைப் பொருத்தி, காற்று எவ்வளவு தாங்குகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். தட்டைப் பலகையைவிட, பறவையின் சிறகுபோல் மேற்புறம் சற்றே வளைந்த இறக்கை அதிகச் சுமையைத் தாங்கும் என்று எண்களால் நிறுவினார். சகோதரர்கள் இருவரும் சேர்ந்து செய்த இந்த ஆராய்ச்சியின் பயனை 1889-இல் நூலாக வெளியிட்டார். அவர் வாழ்நாளில் முந்நூறு பிரதிகள்கூட விற்கவில்லை. இன்று விமானப் பொறியியல் வரலாற்றில் அந்நூலுக்குத் தனி இடம்!

இதற்கெல்லாம் பணம் ஏது? பரம்பரைச் சொத்தா? இல்லை. சகோதரர்கள் குழந்தைகள் அடுக்கி விளையாடும் கல் கட்டைகளைக் கண்டுபிடித்தனர். விற்கத் தெரியாமல், 1880-இல் ரிக்டர் என்ற வணிகரிடம் ஆயிரம் மார்க்குக்குக் கொடுத்துவிட்டனர். அவர் அதை உலகெங்கும் விற்றுப் பெரும் பொருள் குவித்தார். மேம்படுத்திய கட்டைகளை மீண்டும் செய்ய முயன்ற சகோதரர்கள் வழக்கில் தோற்றனர். கண்டவன் ஒருவன், கொண்டவன் ஒருவன்!

பிறகு லிலியந்தாலுக்குக் கைகொடுத்தது கொதிகலன். பாம்பாக வளைந்த குழாய்களில் நீரைக் காய்ச்சும் அமைப்பு. வெடிக்கும் அபாயம் குறைவு. சிறு பட்டறைக்கும் ஏற்றது. 1883-இல் தொழிற்சாலை தொடங்கினார். 1890-இல், ஆதாயத்தில் நான்கில் ஒரு பங்கு தொழிலாளருக்கு என்று அறிவித்தார். எந்த 1890? பிஸ்மார்க்கின் சோஷலிஸ்ட் ஒடுக்குமுறைச் சட்டம் பன்னிரண்டாண்டு தாண்டவமாடி முடிந்த அதே 1890! அவரும் முதலாளிதான், செங்கொடி ஏந்தியவர் என்று நான் சொல்ல வரவில்லை. மீதி முக்கால் பங்கு எங்கே போயிற்று என்று கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. ஆயினும் கால் பங்கும் தர மனமில்லாதவர்கள் நிறைந்த காலத்தில் தந்தவர் அவர். நாடகத்திலும் அவருக்கு நாட்டம். பெர்லினில் ஒரு நாடக அரங்கில் பங்கு சேர்ந்து, உழைப்பாளி பத்துப் பென்னிக் காசுக்கு நாடகம் பார்க்க வகை செய்தார். ஏமாற்று வணிகத்தைச் சாடித் தாமே ஒரு நாடகமும் எழுதினார்.

1891-இல், போட்ஸ்டாம் அருகே டெர்விட்ஸ் என்ற ஊரில், ஏறத்தாழ 25 மீட்டர் தூரம் காற்றில் மிதந்து சென்றார். அப்போது வயது 43. மந்திரமில்லை, வரமில்லை, வில்லோ மரக் கொம்பும் பருத்தித் துணியுமே இறக்கை. முதலில் சிறு மேடு, பிறகு சற்று உயர்ந்த மேடு என்று படிப்படியாகப் பழகினார். காற்று எத்திசையில் வீசினாலும் அதை எதிர்த்து ஓட வசதியாக, 1894-இல் லிஷ்டர்ஃபெல்டே என்ற இடத்தில் 15 மீட்டர் உயரக் குன்று ஒன்றையே எழுப்பினார். ரைனோ மலைகளில் 250 மீட்டர் வரை பறந்தார். ஐந்தாண்டில் ஏறத்தாழ 2,000 முறை! அவர் பறப்பதைப் புகைப்படங்களில் கண்ட உலகம் வியந்தது. தம் தொழிற்சாலையிலேயே மிதவை விமானங்களைச் செய்து விற்றார். மாஸ்கோவின் ஜுக்கோவ்ஸ்கி என்ற அறிஞர் ஒன்றை வாங்கினார்.

ஒரு குறை மட்டும் தீரவில்லை. காலை ஆட்டி, உடலைச் சாய்த்துத்தான் விமானத்தைத் திருப்ப வேண்டும். பெருங்காற்றுக்கு அது போதாது. 1896 ஆகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை, ஸ்டோலன் என்ற ஊரின் குன்றிலிருந்து பறந்தபோது, திடீர்க் காற்று விமானத்தின் முன்புறத்தைத் தூக்கி நிறுத்தியது. கால்களை முன்னே வீசிப் பார்த்தார், பயனில்லை. ஏறத்தாழ 15 மீட்டர் உயரத்திலிருந்து தலைகுப்புற விழுந்தார். முதுகெலும்பு முறிந்தது. உடனிருந்த பால் பைலிஷ் என்ற தொழிலாளி ஓடிவந்து தூக்கினார். மறுநாள் பெர்லினில் உயிர் பிரிந்தது. மனைவியும் நான்கு பிள்ளைகளும் அநாதரவாயினர்.

அந்தச் சாவுச் செய்திதான் அமெரிக்காவின் டேட்டன் நகரில் ரைட் சகோதரர்களைத் தட்டியெழுப்பியது. அவர் விட்ட இடத்தில் அவர்கள் தொட்டார்கள். உடலைச் சாய்ப்பதற்குப் பதில் இறக்கையையே முறுக்கித் திருப்பும் முறையைக் கண்டார்கள். அவருடைய அட்டவணைகளையும் தாமே சோதித்துப் பார்த்தார்கள்.

மனிதன் பறக்கத் தொடங்கினால் நாட்டு எல்லைகள் பொருளற்றுப் போகும், போர் ஒழியும் என்று லிலியந்தால் மனமார நம்பினார். 1894-இல் நண்பர் ஒருவருக்குக் கடிதத்தில் அப்படியே எழுதினார். அவர் மறைந்து பதினைந்தே ஆண்டுகளில், 1911-இல், இத்தாலியின் படைவீரன் ஒருவன் லிபியாவில் விமானத்திலிருந்து வெடிகுண்டு வீசினான். லிஷ்டர்ஃபெல்டேயில் அவர் எழுப்பிய குன்று மட்டும் இன்றும் நிற்கிறது. அதன் உச்சியில் 1932-இல் நினைவுச் சின்னம் அமைத்திருக்கிறார்கள்.