எல்விஸ் பிரெஸ்லி

எல்விஸ் ஆரோன் பிரெஸ்லி (ஜனவரி 8, 1935 – ஆகஸ்ட் 16, 1977) புகழ்பெற்ற அமெரிக்கப் பாடகரும் திரைப்பட நடிகரும் ஆவார். ராக் அண்ட் ரோல் இசையின் அரசர் என்று அழைக்கப்படுபவர். 18ஆம் வயதில் இவர் சொந்தப் பணத்தில் பதிவு செய்துகொண்ட இசைத்தட்டு, ராக் இசை வரலாற்றின் மிக அரிய பதிவுகளுள் ஒன்றாகும்.

இளமைக் காலம்

மிசிசிப்பி மாநிலத்தின் டுபெலோ நகரில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தார். இவருடைய இரட்டைச் சகோதரர் இறந்தே பிறந்தார். 1948 இல் குடும்பம் மெம்பிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. தேவாலயப் பாடல்கள், கறுப்பின மக்களின் புளூஸ் இசை, வெள்ளையரின் நாட்டுப்புற இசை ஆகியவற்றை ஒருசேரக் கேட்டு வளர்ந்தார்.

முதல் இசைத்தட்டு

1953 கோடையில், பள்ளிப் படிப்பு முடிந்த சில வாரங்களில், சாம் பிலிப்ஸ் நடத்திவந்த ஒலிப்பதிவுக்கூடத்துக்குச் சென்றார். ஏறத்தாழ 4 டாலர் செலுத்தினால் எவரும் அங்கே தம் குரலைப் பதிந்துகொள்ளலாம். கித்தார் இசைத்தபடி, பக்கத்துக்கு ஒன்றாக இரு மெல்லிசைப் பாடல்களைப் பாடினார். முதலாவது 'மை ஹாப்பினஸ்'. பதிவுக் கருவியை இயக்கியது தாமே என்று சாம் பிலிப்சும் அவருடைய உதவியாளர் மரியன் கீஸ்கரும் பிற்காலத்தில் தனித்தனியே கூறினர்.

அத்தகைய தட்டு, அலுமினியத் தகட்டின் மீது அரக்குப் போன்ற பூச்சு இடப்பட்டது. ஒலி நேரடியாக அதிலேயே வெட்டப்படும். எனவே வேறு படி கிடையாது. இசைக்கும் ஒவ்வொரு முறையும் ஊசி அதைச் சிறிது தேய்த்துவிடும்.

தாயின் பிறந்தநாள் பரிசாகவே இதைப் பதிந்தார் என்று பரவலாக எழுதப்படுகிறது. ஆனால் தாயின் பிறந்தநாள் ஏப்ரலில் வருவதால் இது பொருந்தவில்லை. தம் குரலைத் தாமே கேட்கும் ஆவலும், சாம் பிலிப்சின் கவனத்தைப் பெறும் விருப்பமும் காரணங்களாக இருந்திருக்கலாம். வீட்டில் இசைத்தட்டுக் கருவி இல்லாததால், நண்பர் ஒருவரின் வீட்டில் போட்டுக் கேட்டுவிட்டுத் தட்டை அங்கேயே விட்டுவந்தார். அப்பதிவு 1990 இல்தான் வெளியிடப்பட்டது. 2015 இல் அத்தட்டு 3,00,000 டாலருக்கு ஏலம் போனது. வாங்கியவர் இசைக்கலைஞர் ஜாக் ஒயிட்.

புகழ்

ஜூலை 5, 1954 அன்று சாம் பிலிப்ஸ் இவரை ஸ்காட்டி மூர், பில் பிளாக் ஆகியோருடன் பாடவைத்தார். மெதுவான பாடல்கள் எவையும் தேறவில்லை. இடைவேளையில் எல்விஸ் விளையாட்டாக 'தட்ஸ் ஆல் ரைட்' பாடலை வேகமாகப் பாட, மற்ற இருவரும் சேர்ந்துகொண்டனர். முரசு இல்லாத அப்பதிவே இவரின் முதல் வணிக வெளியீடாகும். மெம்பிஸ் வானொலியில் ஒலித்த அன்றே நேயர்கள் அதை மீண்டும் மீண்டும் கேட்டனர்.

அப்பாடலை இயற்றி 1946 இல் பதிவு செய்தவர் ஆர்தர் குருடப் என்ற கறுப்பினப் பாடகர். எல்விஸ் உலகப் புகழ் பெற்ற பின்னரும், குருடப் தமக்குரிய உரிமத்தொகைக்காகப் போராடி, அது கிடைக்காமலே 1974 இல் மறைந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

1955 இறுதியில் ஆர்சிஏ நிறுவனம் எல்விசின் ஒப்பந்தத்தை விலைக்கு வாங்கியது. பின்னர் 30க்கும் மேற்பட்ட திரைப்படங்களில் நடித்தார். 42ஆம் வயதில் மெம்பிசில் உள்ள தம் இல்லமான கிரேஸ்லாந்தில் காலமானார். ஜானி கேஷ், கார்ல் பெர்கின்ஸ், ஜெர்ரி லீ லூயிஸ் ஆகியோருடன் 1956 டிசம்பரில் அதே பழைய ஒலிப்பதிவுக்கூடத்தில் தற்செயலாகக் கூடிப் பாடிய பதிவுகள் 1981 முதலே வெளிவரத் தொடங்கின.